கொக்கு மார்க் ரிவால்வர்

உள்ள வாங்க தம்பி. செருப்பு அங்கயே கெடக்கட்டும். அந்த நாற்காலி வேண்டாமுங்க, ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. அவிய, எங்க ஊட்டுக்காரரு, கோட்டூருக்கு முடி வெட்டப் போயிருக்கறாங்க. பதனோரு மணிக்கு ஒருத்தரு வருவாங்கன்னு சொல்லீட்டுத்தா போனாங்க, நீங்க வெள்ளெனவே வந்துட்டீங்க. வர்றது ஆரு, எதுக்குன்னு எங்கிட்டச் சொல்லலீங்க. நீங்க வந்ததும் வராததுமா ‘ரிவால்வரப் பாக்கலாமுங்களா’ன்னு கேட்டீங்க பாருங்க, அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. இது என்ற மூத்தவன் வேலை.

தனசேகரன்னு பேரு. பொள்ளாச்சியில இருக்கறான். நல்ல பையந்தானுங்க, கொறை சொல்லக்கூடாது. ஆனா இந்த ரிவால்வரக் கண்டா அவனுக்கு ஆகாது. ‘அந்தப் பழைய இரும்பக் குடுத்துத் தொலைங்கப்பா, லைசன்சு புதுப்பிக்கறேன்னு வருசக்கணக்கா ஆபீசு ஆபீசா நடக்க என்னால முடியாது’ம்பான். மருமவ அதுக்கும் மேல. அது இருக்கற பீரோப் பக்கமே பேரன் பேத்தி ஆரையும் விடமாட்டா. அதுதா உங்கள மாதிரிப் பழைய துப்பாக்கி சேத்தறவங்களாப் பாத்து அனுப்பிச்சிருக்கறான். ஈரோடுங்களா? அப்ப நம்ம பக்கந்தா. லைசன்சு எல்லாம் இருக்குதுங்களா? இருக்குமுங்க, இல்லாமயா வருவீங்க.

எளநி குடிங்க. பீரோச் சாவி என்ற இடுப்புலதா இருக்குது. காட்டறதுக்குக் காட்டறேன். எடுத்துட்டுப் போறத மட்டும் மறந்துருங்க. இத முன்னாலயே சொல்லிப்போடறேன். அப்பறம் எளநியும் குடிச்சுப்போட்டு மனசு கஷ்டப்பட்டுப் போகக்கூடாது பாருங்க.

அது வந்த கதை உங்களுக்குத் தெரியாதில்லீங்க. வால்பாறைல ஒரு எஸ்டேட்டு மேனேஜர் இருந்தாரு. கொடகுக்காரரு, பெள்ளியப்பான்னு பேரு. நல்ல ஒசரம், மீசை இங்க வரைக்கும் இருக்கும். நம்ம தோட்டத்துத் தேங்கா அவரு ஊட்டுக்குப் போகும், அப்படிப் பழக்கம். வேலைய விட்டுட்டு அவரு ஊருக்குப் போறப்ப, இதக் கொண்டுபோறதுக்கு மனசில்லாம எங்க ஊட்டுக்காரருக்குக் குடுத்தாரு. சும்மா இல்லீங்க, காசு குடுத்துத்தா. குடுக்கறப்ப என்ன சொன்னாருன்னா, ‘சீமைக் கம்பெனிச் சாமான், கொக்கு மார்க்கு. ஆயுசுக்கும் கேரண்டி. எப்பக் கெட்டாலும் கம்பெனிக்காரன் தலைல போட்டு வாங்கிக்கலாம்’னாரு. நா கதவோரமா நின்னு காதாரக் கேட்டனுங்க. கேரண்டிங்கற வார்த்தையக் கேட்ட பொறகுதா நா தலையாட்டினேன். அதுக்கு முன்னால எனக்கும் அது புடிக்கல.

வாங்கி என்ன சுட்டாங்கன்னு கேட்டுப்போடாதீங்க. ஒரே தடவ. தென்னையில கொரங்கு ஏறிக்கிட்டு எளசையெல்லாம் திருகித் திருகிப் போட்டுது. அவிய வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வானத்தப் பாத்து ஒண்ணு சுட்டாங்க. கொரங்கு எறங்கல. நிமுந்து பாத்துப்போட்டு மறுக்கா திருகப் போயிருச்சு. அவியளுக்குத்தா ரெண்டு நாளு காது கேக்கல. நா கூப்பிட்டா எதுக்கெடுத்தாலும் ‘ஆமாம் ஆமாம்’னாங்க. அந்த ரெண்டு நாளும் ஊடு நெம்ப அமைதியா இருந்துதுங்க.

ஆனா ஞாயித்துக்கெழமையானா எடுத்துருவாங்க. கட்டல்ல உக்காந்து, மடியில துண்ட விரிச்சு, பிரிச்சுத் தொடச்சு, அந்தக் குண்டு போடற உருளை இருக்குது பாருங்க, அத ஒரு சுத்துச் சுத்துவாங்க. கிளிக் கிளிக்னு சத்தம் கேக்கும். நா சமையக்கட்டுல கொழம்பு கூட்டீட்டு இருப்பேன். அந்தச் சத்தம் கேட்டாத்தா எனக்கு ஞாயித்துக்கெழம வந்தாப்பல இருக்கும்.

தோட்டத்தையெல்லாம் பிரிச்சுக் குடுத்துட்டாங்க தம்பி. மூத்தவனுக்குப் பாதி, எளையவனுக்குப் பாதி. எண்ணெச் செக்கு எளையவனுக்கு. காரு மூத்தவனுக்கு. இந்த ஊடு கூட எளையவனுக்குன்னு எழுதியாச்சு, எங்க காலம் வரைக்கும் இருந்துக்கலாம். நல்லதுதானுங்க, கையில தெம்பு இருக்கறப்பவே குடுத்துப்போடறது. ஆனா பத்தரம் முடிஞ்சு வந்த அன்னிக்கு அவிய இந்த ரிவால்வர எடுத்து வெச்சுக்கிட்டு நெம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. ‘ஏனுங்க, சாப்பிட வல்லியா’ன்னேன். ‘இது ஒண்ணு மட்டும் நான் நெனச்சாலும் பிரிச்சுக் குடுக்க முடியாது பாரு’ன்னு சிரிச்சாங்க. மத்ததுக்கெல்லாம் இனி மகனுங்களக் கேக்கோணும். இதுக்குத்தா ஆரையும் கேக்க வேண்டியதில்ல. அன்னிக்கு முடிவு பண்ணினனுங்க, இந்தச் சாமானுக்கு ஒரு சின்னக் கொறை வராமப் பாத்துக்கறது என்ற பொறுப்புன்னு.

பாத்துக்காம இல்லீங்க. ஆயுத பூசைக்கு எங்க ஊட்டுக்கு நீங்க வந்து பாக்கோணும். அருவாள், மம்பட்டி, மோட்டாரு எல்லாத்துக்கும் பொட்டு வெப்பேன். ஆனா நடுவுல தாம்பாளத்துல வெக்கறது இதுதா. சந்தனத்தக் கடையில வாங்க மாட்டேன், கல்லுல நானே இழைப்பேன். நல்லா கொழகொழன்னு இழைச்சு, மேல இருந்து கீழ வரைக்கும், அந்த உருளையோட ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பொட்டு. அது மேல குங்குமம். சந்து பொந்து ஒண்ணு விடமாட்டேன். அப்பறம் செவ்வந்தி. துருப்புடிக்கக் கூடாதுன்னு நம்ம செக்கு எண்ணெ. ஊத்தறப்ப ஒரு பக்கம் ஊத்தினா மறுபக்கம் வழியற வரைக்கும் ஊத்துவேன். தேங்கா எண்ணெ மாதிரி ஒண்ணு உண்டுங்களா? தலைக்கு, மூட்டுக்கு, கதவுக் கீலுக்கு, எல்லாத்துக்கும் நாங்க அதுதா. மார்கழியில சித்தெ ஒறைஞ்சுக்கும், அவ்வளவுதா. வெயிலு வந்தா சரியாப் போயிரும்.

ஏனுங், பொறையேறிப் போச்சுங்களா? மெதுவாக் குடிங்க. தலையத் தட்டிக்கோங்க.

கெட்டது எப்படின்னா, தேர்தல்ல கெட்டுது. தேர்தல் வந்தா லைசன்சு வெச்சிருக்கறவங்க எல்லாம் துப்பாக்கியக் கொண்டுபோய் ஸ்டேசன்ல ஒப்படைக்கோணுமில்லீங்க, அதா. அவியளுக்கு ரெண்டு முட்டியும் போனதுனால, மூத்தவன் பேரும் லைசன்சுல இருக்கறதுனால, அவந்தா கொண்டுபோனான். அங்க ஒரு போலீசுக்காரரு உருளையத் தொறந்து பாக்கோணும்னு இழுத்திருக்கறாரு. வல்ல. பலம் போட்டு இழுத்திருக்கறாரு. வல்ல. இன்னொருத்தரு வந்து இழுத்திருக்கறாரு. ‘ஏம்ப்பா, இது துப்பாக்கியா, பூசைச் சாமானா’ன்னு எல்லாரும் சிரிச்சாங்களாமா. இவனுக்கு மானம் போச்சு. அங்கிருந்தே போன் போட்டு அவனோட அப்பனச் சத்தம் போட்டான். ‘வேலை செஞ்சா வெச்சுக்கோங்க. வேலை செய்யலைன்னா இந்த வருசமே சர்க்காருகிட்ட ஒப்படைச்சுருங்க’ன்னுட்டான்.

நா என்ன நெனச்சேன்னா, ரெண்டு பேரு பலம் போட்டு இழுத்தா எதுதாங்க கெடாது? இங்க இருந்த வரைக்கும் ஒரு மொணங்கல் இல்லாம கெடந்துது. மூணு வருசமா அவிய உருளையச் சுத்தறதில்ல, அது முட்டி வலியினாலன்னு இருந்தேன். ஆனா கெட்டதுக்கு நா பதறல. கேரண்டிதா இருக்குதேன்னு தைரியமா இருந்தேன். தனசேகரங்கிட்டச் சொன்னேன், ‘கம்பெனிக்கு எழுதுறா. பெள்ளியப்பா பேரச் சொல்லி எழுது. எழுதுனா நம்ம சொத்தா போயிரும்’ன்னு. அவன் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே கம்ப்யூட்டர்ல எழுதினான்.

பதில் வந்துது தம்பி. அத அவன் படிக்கப் படிக்க எனக்குப் பத்தீட்டு வந்துது. மரியாதையாத்தா எழுதியிருந்தாங்களாமா, அதுலயொண்ணும் கொறச்சல் இல்ல. ‘எங்க சாமான இத்தன காலம் வெச்சிருக்கறதுக்கு நன்றி’ன்னு ஆரம்பம். அப்பறந்தா வருது பாருங்க. ஆயுசுங்கறது மொதல்ல வாங்குனவரு ஆயுசாமா. கைமாறிப் போச்சுன்னா கேரண்டியும் போச்சாமா. அப்பப் பெள்ளியப்பா இருந்து, அவரு கையில இது இருந்தாத்தா ஆகும். அவரு போய்ச் சேந்து எத்தனயோ வருசமாச்சு. நா கேட்டேன், ‘ஏண்டா, நகைக்கடைக்காரன் கூடப் பழைய நகையக் கொண்டுபோனா ஆரு வாங்குனதுன்னு பாத்தா எடுத்துக்கறான்? நம்ம கடைன்னு தெரிஞ்சாப் போதாதா’ன்னு.

அதுவும் போகட்டும்னா, இந்த மாடல அவங்க அப்பனுங்க காலத்துலயே நிறுத்தியாச்சாமா, பழைய மாடலுக்கு ஒரு பொட்டு ஸ்பேர் பார்ட்சு கெடையாதாமா. கூலிக்கு வேணும்னா பாத்துத் தருவாங்களாமா, அதுக்கும் இத அங்க அனுப்போணும். அனுப்பறதுக்கு நம்ம சர்க்காரு, எறக்கிக்கறதுக்கு அவங்க சர்க்காரு, இப்படி ரெண்டு பக்கமும் அனுமதி வாங்கறதுக்குள்ள எனக்கு அறுபதாங் கல்யாணம் மறுக்கா வந்துரும். இதுக்கெல்லாம் கூட நா பொறுத்துக்கிட்டேன். கடைசீல ஒண்ணு எழுதியிருந்தாங்க. தப்பான எண்ணெ போட்டிருந்தாலோ, வேத்துப் பொருளு உள்ள போயிருந்தாலோ, எந்தக் காலத்துலயும் கேரண்டி கெடையாதாமா. தப்பான எண்ணெ ஆருங்க போட்டா? நம்ம செக்குல ஆட்டுன எண்ணெங்க அது. தோட்டத்துக்கு வர்ற ஒறம்பரை சனமெல்லாம் ஆளுக்கு ஒரு பாட்டல் கேட்டு வாங்கீட்டுப் போறாங்க. வேத்துப் பொருளு உள்ள போறதுக்கு நா என்ன விட்டுருவனா? ரெண்டு சுத்து மஞ்சத்துணியில சுத்தி, பீரோவுல பூட்டி வெச்சிருக்கறேன். எறும்பு போகாதுங்க.

சரி, சீமைக்காரன் கைவிட்டுட்டான், உள்ளூர்ல பாக்கலாம்னு கோயமுத்தூரு போனோம். தனசேகரனும் நானும். அவன் தனியாப் போனா, அங்கயே ஒரு வெலையப் பேசிக் குடுத்துப்போட்டு வந்துருவான்னு நா ஒட்டுக்காப் போனேன். டவுன்ஹால் பக்கம் ஒரு சந்துக்குள்ள துப்பாக்கி ரிப்பேரு பண்ற கடை, தேவசகாயம்னு ஒருத்தரு. உங்களுக்கும் தெரியுமுங்களா? தெரியாம இருக்குமா, உங்க சோலியே அதுதான. வாயி ஓயாத ஆளு. கையி வேலை செய்யுதோ இல்லியோ, வாயி வேலை செய்யும். எனக்கு நெம்பப் பேசறவங்களக் கண்டாலே ஆகாதுங்க.

அவரு துணியப் பிரிச்சாரு. பாத்தாரு. என்ற மூஞ்சியப் பாத்தாரு. ‘நாச்சிமுத்து ஐயா ஊட்டு அம்மாங்களா’ன்னாரு. எனக்குத் திக்குன்னுச்சு, இவருக்கு எப்படித் தெரியும்னு. பக்கத்து மூடியக் கழட்டி, ஒரு பேப்பர விரிச்சு, சின்னக் கம்பி ஒண்ணுல நோண்டி நோண்டி எடுத்து வெச்சாரு. சந்தனம் கட்டி கட்டியா வந்துது. குங்குமம் வந்துது. நம்ம எண்ணெ பிசினாட்டம் இழுத்துக்கிட்டு வந்துது. கடைசீல ஒரு செவ்வந்தி எதழு, காஞ்சு சருகா, முழுசா வந்துது. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சுங்க. எத்தன பக்தியா வெச்சிருக்கறோம்னு அந்த ஆளுக்கும் தெரியட்டும்னு அங்கயே நகராம நின்னுக்கிட்டேன். தனசேகரன் எதுக்கோ வெளிய போய் நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தான்.

‘இது மூணு வருசத்துச் சந்தனமுங்கம்மா’ன்னாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. ‘மூணு வருசமா? இந்தச் சாமானு ஊட்டுக்கு வந்த நாள்ல இருந்து நா பூசை போடறேன். என்ன இப்படிக் கொறச்சுச் சொல்றீங்க’ன்னேன். அதுக்கு அவரு, ‘அதுக்கு முந்துனதையெல்லாம் நா கழுவி எடுத்துட்டேனுங்களே. ஆயுத பூசை முடிஞ்ச மறுவாரம் ஐயா கொண்டாந்துருவாங்க. முச்சூடும் கழட்டி, கழுவி, நல்ல எண்ணெ போட்டுக் குடுப்பேன். மூணு வருசமா ஐயாவுக்குக் கால் முடியல, வல்ல. அதா இப்படி இறுகிப் போச்சு’ங்கறாரு.

எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க தம்பி. வருசா வருசம் பூசை முடிஞ்ச மறுவாரம் கோயமுத்தூருக்குக் கெளம்புவாங்க. ‘ஒரு சோலி இருக்குது’ம்பாங்க. வர்றப்ப எனக்கு மைசூர்பாகு வாங்கீட்டு வருவாங்க. நானும் வாயிக்கு ருசியாத் தின்னுப்போட்டுச் சும்மா இருந்திருக்கறேன். அப்பறம் நிதானமா ரோசன பண்ணிப் பாத்தேன். ஒண்ணு புரிஞ்சுதுங்க. ஒரு நல்ல சாமான எவனாவது வருசா வருசம் கழட்டி மாட்டுவானுங்களா? கழட்டிக் கழட்டி மாட்டுனா எந்த மிசினுதா நிக்கும்? இந்த தேவசகாயம் கைய வெச்சு வெச்சுத்தா கெட்டிருக்குது. அவிய வெள்ளந்தி. ஏமாந்திருக்கறாங்க.

நா அத அங்கயே கேட்டுட்டேன். மறைச்சு வெச்சுப் பேசத் தெரியாதுங்க எனக்கு. அவரு கோவிச்சுக்கல. ‘நா எத்தனயோ தடவ சொல்லியிருக்கறேனுங்கம்மா, ஊட்டுல ஒரு வார்த்தை சொல்லிப்போட்டா இந்தச் செலவே இல்லியேன்னு. ஐயா சிரிப்பாங்க. கழுவறது சுலபம் தேவசகாயம், சொல்றதுதா ஆகாதும்பாங்க’ன்னாரு. என்ன சொல்றது ஆகாதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. நா என்ன புலியா, கரடியா? இந்த ஊட்டுல நா அதிர்ந்து ஒரு வார்த்தை பேசியிருக்கறனான்னு அக்கம் பக்கத்துல கேட்டுப் பாருங்க. அன்னிக்கு ஊட்டுக்கு வந்து அவியளயே கேட்டேன். பேப்பரத் தூக்கி மூஞ்சிக்கு நேரா புடிச்சுக்கிட்டாங்க. ஒரு வாரம் நா பேசல. பேசலைங்கறது கூடத் தெரியாமப் பேப்பர் படிச்சாங்க.

ரிப்பேருக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? ஆச்சு, கொள்ளையா ஆச்சு. உள்ள ஒரு ஸ்ப்ரிங்கு, உருளையத் தள்ளற கொக்கி மாதிரி ஒண்ணு, ரெண்டும் புதுசு. கடையில கெடைக்காதாமா, ராவி ராவிக் கையிலதா செய்யோணுமாமா. பதனெட்டாயிரம்னாரு. தனசேகரன் என்னப் பாத்தான். என்ற சுருக்குப்பையில எருமை வித்த காசு இருந்துது, எடுத்து வெச்சுட்டேன். வெச்சுப்போட்டுக் கேட்டேன், ‘கேரண்டி எத்தன’ன்னு. ‘ஒரு வருசம். சந்தனம் பட்டா ஒரு நாளுங் கெடையாது’ன்னாரு. நா விடுவனா? ‘அப்ப ஆயுத பூசைக்கு இது மட்டும் அமங்கலமா வெறும் நெத்தியோட ஒக்காந்திருக்கோணுமா? பூசைக்கு ஆகாத கேரண்டி எதுக்கு’ன்னேன். அவரு தலையச் சொறிஞ்சாரு. அப்பறம், ‘சரிங்கம்மா, வெளிய ஒரே ஒரு பொட்டு. ஆள்காட்டி வெரல்ல இல்ல, சுண்டு வெரல்ல’ன்னாரு. சுண்டு வெரலுன்னு ஒத்துக்கிட்டு வந்தேன். ஆனா தாம்பாளத்துக்கு முன்னால நிக்கறப்ப வெரலா கணக்கு? மனசுதாங்க.

சரியாப் போச்சுங்க. சுத்துனா முந்தியாட்டம் சத்தம் கேக்குது. அவிய மூஞ்சியில ஒரு வெளிச்சம் வந்துது பாருங்க, அந்தப் பதனெட்டாயிரம் எனக்குக் கசக்கல. இப்ப நல்லா ஆன பொறகு வந்து எடுத்துட்டுப் போன்னு உங்கள அனுப்பிச்சிருக்கறானே, இந்தத் தனசேகரன் மனுசனா?

என்ன சொல்றீங்க? தனசேகரன் இல்லீங்களா?

பின்ன ஆரு?

அவியளா போன் பண்ணினாங்க?

இருங்க தம்பி. சித்தெ இருங்க. வேற ஆரையாவது நெனச்சுச் சொல்றீங்க. அவிய குரலு எப்படி இருந்துது? பேசறதுக்கு முன்னால ஒருக்காத் தொண்டையக் கனச்சாங்களா? ஆமாங்களா. அப்ப அவியதா.

எனக்கு நெஞ்சு பொக்குனு போச்சுங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. தோட்டத்த எழுதறப்பச் சொன்னாங்க, காரக் குடுக்கறப்பச் சொன்னாங்க. அதெல்லாம் எனக்கு ஒண்ணுமே தோணல. இது போச்சுன்னா அவிய ஞாயித்துக்கெழமை என்னங்க பண்ணுவாங்க? கட்டல்ல உக்காந்து கையப் பாத்துக்கிட்டு இருப்பாங்களா? என்னதா சொன்னாங்க போன்ல? மறைக்காமச் சொல்லுங்க.

‘எனக்குக் கால் முடியல. இனி கோயமுத்தூருக்கு அலைய முடியாது. ஊட்டுல வெச்சிருந்தா மறுக்கா கெட்டுப்போயிரும். எங்கயாவது நல்லபடியா இருக்கட்டும்’னாங்களா? இதா சொன்னாங்க? ஊட்டுல வெச்சாக் கெட்டுப்போகுமா? எங்க ஊட்டுல என்னங்க கொறச்சல்? ஓதம் இல்ல, எலி இல்ல. இங்க எவரு இருக்கறா கெடுக்கறதுக்கு? நாங்க ரெண்டே பேரு.

அப்பறம்? ‘அடுத்த வாரம் ஆயுத பூசை, அதுக்கு முன்னாலயே வந்து எடுத்துக்கோங்க’ன்னு அவசரப்படுத்துனாங்களா? அதுதா எனக்குப் புரிபடல. பூசை போட்டுக் குடுத்தா வாங்கறவங்களுக்கும் நல்லதுதான, அதுல என்ன அவசரம்?

புரிஞ்சுபோச்சுங்க தம்பி. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீங்க பாவம், எப்படிச் சொல்றதுன்னு தெரியாம மேலயும் கீழயும் பாக்கறீங்க. அவியளுக்கு என்ன கவலைன்னா, தமக்குக் கால் போச்சு, இனி இதப் பாத்துக்க ஆளில்லைங்கற கவலை. நா ஒருத்தி இருக்கறத மறந்துட்டாங்க. இத்தன வருசம் வருசத்துக்கு ஒருக்காத்தான பூசை போட்டேன், அது பத்தலைன்னு தோணியிருக்கும். வாயத் தொறந்து சொல்லியிருந்தா வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை போட்டிருக்க மாட்டனா?

எந்திரிக்காதீங்க. வந்தது வந்தீங்க, பாத்துட்டாவது போங்க. நா எடுத்தாறேன்.

இந்தாங்க. துணிய நானே பிரிக்கறேன். அவியளே இன்னும் இதப் பாக்கல. போன வாரந்தா பண்ணினேன். வர்ற தை வந்தா அவியளுக்கு எழுபத்தஞ்சு, அன்னிக்குக் குடுக்கலாம்னு ஒளிச்சு வெச்சிருந்தேன். போன ஞாயித்துக்கெழம கேட்டப்பக் கூட, முட்டி வலியோட உக்கார வேண்டாம்னு சொல்லித் தட்டிக் கழிச்சேன். பேத்தி கல்யாணத்துக்குச் சீர் சாமான் எடுத்திருக்கறோமுங்க. குடம், அண்டா, குத்துவெளக்கு. எல்லாத்துக்கும் பேரு வெட்டறதுக்குப் பாத்திரக்கடைல இருந்து ஒருத்தரு மிசினோட வந்திருந்தாரு. நல்ல கையெழுத்து அவருக்கு. சட்டுனு எனக்கு ஒரு ரோசனை. ஊட்டுல இருக்கற டம்ளரு முச்சூடும் மகனுங்க பேரு. இவிய பேரு எதுலயும் இல்ல. இந்த ரிவால்வர்ல மட்டும் எவனோ சீமைக்காரன் பேரும், ஒத்தக் கால்ல நிக்கற கொக்கும். கெட்டா ஏன்னு கேக்காத கம்பெனிக்கு இதுல என்னங்க பேரு?

அரத்த வெச்சு ராவச் சொல்லிட்டேன். கொக்கு, கம்பெனி பேரு, அந்த வருசம் எல்லாம் மழமழன்னு போயிருச்சு. நம்பர் இருக்கற பக்கம் மட்டும் கைய வெக்க விடல, அது சர்க்காரு சமாச்சாரம். எனக்குத் தெரியாதா? கறுப்புல எழுத்து எடுப்பாத் தெரியாதுன்னு அந்தப் பக்கத்தப் புளியும் சாம்பலும் போட்டு நானே தேச்சேன். பாருங்க, வெள்ளித் தட்டாட்டம். அதுக்கு மேலதா வெட்டியிருக்குது. ரெண்டு பக்கமும் பூ அவரா வெச்சுக் குடுத்தாரு, அதுக்குக் காசு வாங்கல. படிங்க. ஊட்டுக்காரரு பேர நா வாயில சொல்லக்கூடாது, நீங்களே படிங்க. தேவசகாயம் சொன்னதச் சொன்னப்ப அந்தப் பேரு வந்துருச்சு, அது அவரு சொன்னது, கணக்குல வராது.

ஏனுங் தம்பி, மூஞ்சி இப்படிப் போகுது? மோரு கொண்டாரட்டுங்களா? சித்தெ தலையக் குனிஞ்சு உக்காருங்க, வெயில்ல வந்தது.

வண்டிச் சத்தம் கேக்குது, அவியதா. வாங்க, வாங்க. நீங்க போன் பண்ணி வரச் சொன்ன ஆளு வந்திருக்கறாங்க. எனக்குத் தெரியும், எல்லாந் தெரியும், அத அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல உக்காருங்க. முட்டிய மடக்காதீங்க. இதப் பாருங்க. கண்ணாடியா? சட்டைப் பையிலதா இருக்குது.

ஏனுங்க, என்னத்துக்கு இதத் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க? எழுத்து சரியாத்தான இருக்குது? தடவிப் பாருங்க, ஒரு பிசிறு இருக்காது. கொக்கு எங்கன்னு கேக்காதீங்க, அத நாந்தா எடுத்துப்போட்டேன்.

என்னங்க தம்பி சொல்றீங்க, சத்தமாச் சொல்லுங்க, அவியளுக்குக் கேக்காது. கொக்கு போனா வெலையும் போச்சுங்களா? பேரு வெட்டுனத எவரும் சேத்தமாட்டாங்களா? நீங்களும் எடுத்துக்க மாட்டீங்களா? சும்மா குடுத்தாக் கூடவா?

ஏனுங்க, அவங்க சொல்றது கேட்டுதுங்களா? வேண்டாமாமா. இனி எவருமே வாங்கமாட்டாங்களாமா.

பாருங்க தம்பி, சிரிக்கறாங்க. கண்ணுல தண்ணி வர வரச் சிரிக்கறாங்க. அட, என்ற கைய எதுக்குப் புடிக்கறீங்க, வேத்து மனுசரு முன்னால? விடுங்க. தம்பி, நீங்க சாப்பிடாமப் போகக்கூடாதாமா, கோழி அடிக்கச் சொல்றாங்க. ஊட்டுப் பண்டம் வெல போகலைன்னு இத்தன சந்தோசப்படற மனுசன இப்பத்தாங்க நா பாக்கறேன்.